காபட் வீதியில் சைக்கிளுக்கு ஒரு முழ இடம்

பாசிக்குடாவில் விருந்தினர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்து அறைக்குத் திரும்பும் நேரத்தில், ஹோட்டல்களின் பின்வாசலால் இன்னொரு கூட்டம் வெளியே வருகிறது. பாத்திரம் கழுவியவர், அறை துப்புரவு செய்தவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர், காவல் மாறுகிறவர். சிலரிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. சிலரை ஹோட்டல் வாகனம் கொண்டுபோய் விடுகிறது. மிச்சப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்குடா, பேத்தாழை, வாழைச்சேனை என்று பிரிந்து போகிறார்கள். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. வீதி விளக்கு எரியும் இடமும் உண்டு, எரியாத இடமும் உண்டு. அவர்களுடைய சைக்கிளில் விளக்கு பெரும்பாலும் இல்லை.

போர் முடிந்த பிறகு, 2011 முதல் அடுத்தடுத்துத் திறக்கப்பட்ட பெரிய ஹோட்டல்கள் இந்தச் சிறு குடாவின் கரையை நிறைத்துவிட்டன. அவற்றுக்காக வீதி போட்டோம், மின்சாரம் இழுத்தோம், உல்லாசப் பயணிகள் எந்த வழியாக வருவார்கள் என்று திட்டம் தீட்டினோம். அங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி வந்து போவார்கள் என்பதைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டோம். சைக்கிளைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் 2022. அந்த வருடம் பெற்றோல் இல்லாமற்போனபோது, இந்த மட்டக்களப்பு மாவட்டம் சைக்கிளில் ஓட முடியும் என்று நாமே நமக்குக் காட்டினோம். பெற்றோல் திரும்பி வந்ததும் அதை அப்படியே கைவிட்டோம்.

வாகரையிலிருந்து மட்டக்களப்பு வரை ஏ15 வீதியிலும், அங்கிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஏ4 வீதியிலும் போகிறவருக்கு ஏற்றம் என்று சொல்ல ஓரிடமும் இல்லை. பாலங்களின் முதுகுதான் ஏற்றம். பாசிக்குடாவிலிருந்து வாழைச்சேனைக்கு ஐந்து கிலோமீற்றர் அளவு. மணிக்கு 15 கிலோமீற்றர் என்ற சாதாரண மிதியில் இருபது நிமிடம். பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், கல்குடா ரயில் நிலையம், வாழைச்சேனைத் துறைமுகம் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. பெருநகரத்துக்காரர் சைக்கிளில் வேலைக்குப் போவதை ஒரு கொள்கையாக எடுத்துச் செய்கிறார். எங்கள் பக்கத்தில் கொள்கை எதுவும் வேண்டியதில்லை. நிலமே அப்படி இருக்கிறது.

அதனால்தான் சைக்கிள் இங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டது. மீன் பெட்டி கட்டிய கரியர், தயிர்ச் சட்டி அடுக்கிய கரியர், விறகுக் கட்டு, நெல் மூட்டை, முன் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. வாவியின் குறுக்கே குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடும் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறினால், ஆட்களோடு சைக்கிள்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும். மண்முனையிலும் அப்படித்தான் இருந்தது. 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்படும் வரை, வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்காரர் அங்கே பாதையையே நம்பியிருந்தார்கள். கல்லடியில் ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரைச் சூட்டிய இரும்புப் பாலத்தில் எதிர் எதிரே இரண்டு வாகனம் போக முடியாது. ஆனால் சைக்கிள் எப்போதும் போனது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி உருட்டிக்கொண்டு போய், மறுபடி ஏறி மிதித்தவர்களில் பலர் இன்றும் அதே சைக்கிளை வைத்திருக்கிறார்கள். ரலியும் லுமாலாவும் நம் வீடுகளில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய சொத்துகள்.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. லீசிங் கொம்பனிகள் ஊருக்கு ஊர் கிளை திறந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் மெல்ல நிமிரும்போது மோட்டார் சைக்கிள் வாங்கியதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறவரைச் சைக்கிளில் போ என்று சொல்வது நியாயமும் இல்லை. நான் பேசுவது ஐந்து, ஆறு கிலோமீற்றர் பயணங்களைப் பற்றி. பால் மாவு வாங்கச் சந்திக்குப் போக, பிள்ளையை ரியூசனில் விட, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போக ஓடும் ஓட்டத்தைப் பற்றி.

2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர், ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. அடுத்த நாட்களில், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த மாதங்களில் வீட்டுக் கோடிகளிலும் கொட்டில்களிலும் தூசி படிந்து கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. திருத்தும் கடைகளில் வரிசை. ரியூபுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு. புதுச் சைக்கிளின் விலை நினைக்க முடியாத அளவுக்கு ஏறியது. ஆசிரியர்கள், தாதியர், வங்கி உத்தியோகத்தர், கிராம சேவகர் எல்லோரும் மிதித்தார்கள். வசதி உள்ளவர் சைக்கிளில் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் சில கிழமைகளிலேயே இல்லாமற்போனது. வீதியில் சைக்கிள்கள் பெருகியதால் வாகனங்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன. ஒற்றைச் சைக்கிளை உரசிக்கொண்டு போகும் சாரதி, பத்துச் சைக்கிள் போகும் இடத்தில் அப்படிச் செய்வதில்லை.

எரிபொருள் இல்லாமற்போய்ச் சைக்கிளுக்குத் திரும்பிய நாடு இலங்கை மட்டுமல்ல. நமக்கு முன்னால் இரண்டு நாடுகள் இரண்டு விதமாக நடந்திருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்து எண்ணெய் நின்றபோது, கியூபா சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைத் தருவித்தது. ஹவானாக் குடாவின் அடியால் போகும் சுரங்கப் பாதையில் ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிச் செல்லத் தனி பஸ் விட்டார்கள். பின்னர் எண்ணெய் திரும்பியது, சைக்கிள்கள் மறைந்தன. வீதி அப்படியே இருந்ததால் பழக்கமும் பழையபடி ஆனது.

மற்றது ஒல்லாந்து. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தவர்களின் நாடு. அங்கே சைக்கிள் என்றைக்கும் கோலோச்சியது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய செழிப்பில் ஒல்லாந்தரும் காருக்குத் தாவினார்கள். 1971இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பெயரிலேயே பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கி வீதிக்கு வந்தார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. அந்த நெருக்கடி முடிந்த பிறகுதான் அவர்கள் உண்மையான வேலையைத் தொடங்கினார்கள். டில்பர்க்கிலும் ஹேக்கிலும் சைக்கிளுக்கென்று தனிப் பாதை அமைத்துப் பார்த்தார்கள். பிறகு நகரம் நகரமாக அதை விரித்தார்கள். இன்று உலகம் வியக்கும் ஒல்லாந்துச் சைக்கிள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் கோபத்திலிருந்தும் ஒரு பெற்றோல் பஞ்சத்திலிருந்தும் பிறந்தது.

நாம் கியூபாவின் வழியில் போய்விட்டோம். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதால் வீதிகள் இனி இன்னும் நெருங்கும். இலங்கையில் வருடத்துக்கு 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நம் வீதிகளைப் பார்க்க வேண்டும்.

காபட் வீதி வந்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழக் காரணம் இருந்தது. குண்டும் குழியுமான பழைய ஏ15இல் மட்டக்களப்புக்குப் போய் வந்தவருக்குத்தான் அது தெரியும். ஆனால் காபட் போடும்போது தார்ப் படை உயர்கிறது. பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. ஒரு மாரி மழை பெய்தால் மண் கரைந்து, வீதியின் விளிம்பு ஒரு படி போல நின்றுவிடுகிறது. பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கிறது. சைக்கிள்காரர் ஒதுங்குகிறார். முன் சில்லு விளிம்பிலிருந்து சறுக்கி மண்ணில் இறங்குகிறது. மறுபடி ஏற ஹாண்டிலைத் திருப்பும்போது சில்லு படியில் இடறி, ஆள் வீதியின் நடுப்பக்கமாகத்தான் விழுகிறார். சாரதியிடம் கேட்டால் சைக்கிள் குறுக்கே வந்தது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த விளிம்பு அப்படிச் செய்யும்.

ஒரு முழம் இடம் என்று தலைப்பில் போட்டது கேட்பதற்குச் சிறியதாக இருக்கட்டும் என்றுதான். உண்மையில் வேண்டியது ஒன்றரை மீற்றர். மண் விளிம்பைத் தாருக்குச் சமமாக உயர்த்தி, கொங்கிறீட்டோ தாரோ போட்டு, வெள்ளைக் கோட்டால் பிரித்துவிட்டால் போதும். புது வீதி வெட்ட வேண்டாம், காணி சுவீகரிக்க வேண்டாம். வாழைச்சேனைச் சந்தியிலிருந்து பாசிக்குடா வரை இதைச் செய்து காட்டலாம். உல்லாசப் பயணியும் அதில் போவார், இரவு வேலை முடிந்த பிள்ளையும் அதில் போகும். பிறகு கிரான், சந்திவெளி, சித்தாண்டி, வந்தாறுமூலை என்று பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் வரிசையாக இருக்கும் துண்டுக்கு நீட்டலாம்.

வேகத்தைப் பற்றியும் பேச வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 30இல் வரும் அதே வாகனத்தைப் போல நான்கு மடங்கு சக்தியை உடலில் இறக்குகிறது. ஆட்களும் சைக்கிளும் வாகனமும் கலந்து போகும் இடத்தில் 30தான் எல்லை என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. நம் ஊர் நடுவே ஓடும் பஸ்களுக்கு இது புதினமான செய்தியாக இருக்கும். பாடசாலை விடும் நேரத்திலாவது பொலிஸார் இதைக் கையில் எடுக்கலாம்.

வீதி திருந்தும் வரை மிதிக்கிறவர் சும்மா இருக்க முடியாதே. அதனால் சில விஷயங்களை விரிவாகச் சொல்கிறேன். முதலில் வெளிச்சம். டைனமோ விளக்கு நின்றால் அணைந்துவிடும். சந்தியில் காத்து நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். பற்றரியில் எரியும் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றைப் பின் மட்கார்டில் பொருத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒளி தெறிக்கும் ஸ்ரிக்கரையாவது மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டுங்கள். பெடலில் ஒட்டியது மேலும் கீழுமாக அசைவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று தெரிந்துவிடும். கறுப்புக் காற்சட்டையும் கடும் நிற ரீசேட்டும் போட்டு வேலை செய்கிறவர்கள் திரும்பும்போது மேலே வெள்ளைச் சேட் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. ஹோட்டல் முதலாளிகள் இரவு வேலைக்காரருக்கு ஒளி தெறிக்கும் மேற்சட்டையும் விளக்கும் வாங்கிக் கொடுத்தால், ஒரு அறையின் ஒரு இரவு வாடகையில் பல பேருக்கு முடிந்துவிடும்.

விளிம்பை ஒட்டி மிதிக்காதீர்கள். ஒரு கை நீளம் உள்ளே தள்ளி நேராகப் போங்கள். ஓரத்தில் வளைந்து வளைந்து போகிறவரைவிட, உள்ளே நேராகப் போகிறவரைச் சாரதிகள் கண்டு ஒதுங்குவார்கள். வலப்பக்கம் திரும்பும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. நன்றாகத் திரும்பிப் பார்த்து, கை காட்டி, இடம் கிடைத்தால் மட்டும் திரும்புங்கள். சந்தேகமாக இருந்தால் இடப்பக்கமே இறங்கி நின்று, உருட்டிக்கொண்டு கடந்து போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிற்கும் பஸ்ஸுக்கும் வீதியோரத்துக்கும் இடையில் நுழைய வேண்டாம். வாசலால் ஆள் குதிப்பார்.

எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. கடற்கரையில் நிற்கும் சைக்கிளின் செயின் சில கிழமைகளில் துருவேறிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெசின் ஒயில் போன்ற இலேசான ஒயிலைக் கண்ணிக்குக் கண்ணி ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கறுத்த கழிவு ஒயிலை ஊற்றுவதுதான் வழக்கம். அது மணலைப் பிடித்துவைத்து பற்சில்லை அரைத்துவிடும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்க நேரமெடுக்கும். மழையில் சந்தி வரும் முன்னரே இலேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சீற்றின் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. குதிக்காலைக் கீழே உள்ள பெடலில் வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலி என்று சைக்கிளை விட்டவர்களில் பாதிப் பேருக்குச் சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

பிள்ளையைக் கரியரில் ஏற்றினால் கால் வைக்க ஒரு கட்டையும், கம்பிகளை மறைக்க ஒரு வலைத் தகடும் கட்டாயம் போடுங்கள். பிள்ளையின் குதிக்கால் கம்பிக்குள் அகப்படுவது நம் ஆஸ்பத்திரிகள் நன்கு அறிந்த காயம். சேலை, அபாயா, சாரம் உடுத்துகிறவர்களுக்குச் செயின் கவர் இல்லாத சைக்கிள் சரிவராது. ஹாண்டிலில் பை தொங்கவிடுவதைவிடக் கரியரில் இறுக்கிக் கட்டுவது நல்லது.

கச்சான் காலத்தில் பாசிக்குடாவிலிருந்து மேற்கே மிதிக்கிறவருக்கு எதிர்காற்று. அப்போது நேரத்தோடு போட்டி போடாமல் பத்து நிமிடம் முந்திப் புறப்பட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்க வேண்டும். மாரியில் வெள்ளம் மூடிய வீதியில் மதகின் விளிம்பு தெரியாது. கிரான் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போகும் காலத்தில் அங்கே சனம் படகிலும் உழவு இயந்திரத்திலும்தான் போகிறது. சைக்கிளில் துணிய வேண்டாம். படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் விடியப்புறமும் பொழுதுபட்டும் யானைப் பயம். வயலுக்கு ஒற்றையாகச் சைக்கிளில் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் அங்கே உண்டு. அங்கே சைக்கிள் அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலியும் வெளிச்சமும் அரசு தர வேண்டியவை.

கட்டாக்காலி மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவில் தார் சூட்டுக்கு வீதியில் வந்து படுத்துக்கொள்கின்றன. மோட்டார் சைக்கிள்காரர் மோதி இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். விளக்கில்லாத சைக்கிளுக்கும் அதே கதிதான். பிரதேச சபைகள் அவ்வப்போது பிடித்துத் தண்டம் அறவிடுகின்றன. சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது.

பெண்களைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது. இந்தப் பகுதியில் பாடசாலைக் காலம் முழுக்கச் சைக்கிளில் பறந்த பிள்ளைகள் பலர், கல்யாணத்தோடு மிதிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு கணவனின் மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும் நேரம்தான் அவர்கள் வெளியே போகும் நேரம். இதை மாற்ற முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணை நின்றார். கல் உடைக்கிற பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் மிதிக்கத் தொடங்கினார்கள். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, அந்தத் திட்டத்தால் இடைநிலைப் பள்ளியில் உரிய வயதில் சேர்ந்த பெண் பிள்ளைகள் 32 வீதம் கூடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம். படுவான்கரைக்கு இது அப்படியே பொருந்தும். புலம்பெயர்ந்த நம் உறவுகள் வருடாவருடம் அங்கே சைக்கிள் வழங்குகிறார்கள், அவர்களுக்கு நன்றி. அடுத்த முறை சைக்கிளோடு ஒரு விளக்கு, ஒரு பம், ரியூப் ஒட்டும் பெட்டி, ஊரில் ஒரு இளைஞனுக்குத் திருத்தும் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துத் தாருங்கள். ரியூப் வெடித்ததோடு மூலையில் சாத்தப்படும் சைக்கிள் யாருக்கும் உதவாது.

ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்ளூர் வீதிகளும் தெரு விளக்குகளும் பிரதேச சபைகளின் பொறுப்பு. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பிறகு, கோறளைப்பற்றுக்கும் கோறளைப்பற்று மேற்குக்கும் மீண்டும் மக்கள் தெரிவுசெய்த சபைகள் வந்திருக்கின்றன. சபைகள் இல்லாத இடைப்பட்ட காலத்தில் கேட்க ஆளில்லாமல் இருந்தோம். இப்போது ஆள் இருக்கிறார்கள். பாசிக்குடா வீதியில் எரியாத விளக்குகள் எவை என்று ஒரு இரவு சைக்கிளில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ள உறுப்பினர்களுக்கு அரை மணித்தியாலம் போதும். வாழைச்சேனை பஸ் தரிப்பிடத்திலும் கல்குடா ரயில் நிலையத்திலும் கூரையோடு, பூட்டி வைக்கக் கம்பியோடு ஒரு சைக்கிள் நிறுத்துமிடம் கட்டினால், தூர வேலைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து அதுவரை மிதித்து வந்து பஸ் ஏறலாம்.

வருட இறுதியில் சபைகள் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும். இந்த இரண்டு நிறுத்துமிடங்களையும், வாழைச்சேனை முதல் பாசிக்குடா வரையான விளக்குகளையும் அதில் எழுதச் சொல்லி வட்டார உறுப்பினரிடம் இப்போதே எழுத்தில் கொடுங்கள். விளிம்புக்கான மனு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அதில் பாடசாலை அதிபர்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், மீனவர் சங்கங்களும், பள்ளிவாசல், கோயில் நிர்வாக சபைகளும் ஒன்றாகக் கையெழுத்திடட்டும். ஹோட்டல் முகாமையாளர்களின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.